கொல்லை லைனில் சிவப்புக் கொடி

தைப்பிங், மலாயா
20-10-1957

சேசு மரி சூசை துணை

அன்புள்ள வியாகுலமேரி அக்காவுக்குத் தம்பி சந்தனராஜ் எழுதிக்கொண்டது. இங்கே நானும் அமலராணியும் தேவமாதா தயவில் சுகம். அங்கே உங்கள் சுகத்துக்கும் மச்சான் சுகத்துக்கும் வீட்டில் மற்றவர் சுகத்துக்கும் எழுதவும். மற்றவர் என்று யாரைக் கேட்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

எங்கள் ரயில்வே துரை சீமைக்குப் போய்விட்டார். இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்ததிலிருந்து துரைமார் ஒவ்வொருவராக மூட்டை கட்டுகிறார்கள். அவர் பங்களாத் தோட்டத்தில் ஒரு விளையாட்டு ரயில் இருந்தது. சாவி கொடுத்தால் ஓடும் என்ஜின், மூன்று பெட்டிகள், ஒரு சாணுக்குச் சற்று மேலான துண்டுகளாகக் கழற்றி மாட்டுகிற தகரத் தண்டவாளம். விளையாட்டு என்று பெயர்தான், துரை அதை வழிபாடு மாதிரி நடத்துவார். அந்த லைனைப் பார்த்துக்கொண்டது நான். பகலில் நிஜத் தண்டவாளம், சாயங்காலம் தகரத் தண்டவாளம். போகிறபோது மொத்தத்தையும் பெட்டியில் அடுக்கி என் கையில் கொடுத்துவிட்டார்.

எங்கள் ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸில் இதை எங்கே ஓட்டுவது? கோட்டைப்பட்டினம் சேக் அலாவுதீன் பாய் அடுத்த கப்பலில் ஊருக்கு வருகிறார். அவரிடம் பெட்டியைக் கொடுத்து அனுப்புகிறேன். நீங்கள் வருஷா வருஷம் கட்டும் கிறிஸ்துமஸ் குடிலைச் சுற்றி ஓட்டுங்கள். துண்டுகளை ஒன்றில் ஒன்று செருகினால் வட்டம் வந்துவிடும்.

யார் அனுப்பியது என்று அப்பாவிடம் சொல்ல வேண்டாம். என் பெயரைக் கேட்டால் பெட்டியோடு கிணற்றில் போட்டாலும் போடுவார்.

உங்கள் தம்பி,
சந்தனராஜ்

---

ஆவூர்
28-12-1957

சேசு மரி சூசை துணை

பிரியமுள்ள தம்பிக்கு அக்கா ஆசீர்வாதம். நாங்கள் மூவரும் சுகம். மச்சானுக்குப் பள்ளிக்கூடம் லீவு. அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு, வாய்க்கு ஒரு வலியும் இல்லை.

பாய் பெட்டியைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார். குடிலைச் சுற்றி ரயில் ஓடியதைப் பார்க்க ஊரே வந்தது. சாமியார்கூட இரண்டு தரம் சாவி கொடுத்தார். அப்பா மட்டும் கதவோரம் நின்று, "பெத்லகேமுக்கு எந்த ஜங்ஷன்ல வண்டி மாறணும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். யார் அனுப்பியது என்று கேட்கவே இல்லை. நானும் பாய் கொடுத்தார் என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன். அதில் பொய் இல்லையே.

மூன்றாம் நாள் என்ஜின் நின்றுவிட்டது. முதல் நாளே நான் அதற்கு நல்ல தேங்காயெண்ணெய் விட்டிருந்தேன். திறந்து பார்த்தால் உள்ளே சிற்றெறும்பு குடித்தனம் நடத்துகிறது. அதற்கு முன்னாலேயே வளைவில் இரண்டு தரம் குடை சாய்ந்து, ஒரு தரம் மூன்று ராஜாக்களில் ஒருவரை அடித்துத் தள்ளிவிட்டது. என்ன செய்யலாம் என்று எழுது.

தம்பி, நீ இல்லாத ஒன்பதாவது கிறிஸ்துமஸ் இது.

இப்படிக்கு,
அக்கா வியாகுலமேரி

---

தைப்பிங்
19-1-1958

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்கு. இருவரும் நலம், உங்கள் நலம் அறிந்து சந்தோஷம்.

தேங்காயெண்ணெய் என்று படித்ததும் தலையில் கை வைத்துவிட்டேன். அமலா இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். என்ஜினை மண்ணெண்ணெயில் ஒரு பொழுது ஊறவைத்து, பழைய பல் பிரஷால் தேய்த்து, வெயிலில் காயவையுங்கள். பிறகு உங்கள் தையல் மிஷினுக்கு விடுகிற எண்ணெய் இருக்கிறதே, அதில் ஊசி முனையால் தொட்டு ஒவ்வொரு பல்சக்கரத்துக்கும் ஒரு சொட்டு. கையிலேயே மருந்தை வைத்துக்கொண்டு கறிக்குத் தாளிக்கப் போயிருக்கிறீர்கள்.

குடிலோடு பெட்டியில் கட்டி வைத்துவிடாதீர்கள். வெளியில் போட்டால்தான் அதற்கு அழகு. துரை தோட்டத்தில் செங்கல்லைக் கிடத்தி, மேலே பொடிச் சரளை போட்டு லைன் அமைத்திருந்தோம். நம் கொல்லையில் கிணற்றடியிலிருந்து முருங்கை வரைக்கும் இடம் இருக்கிறதே. மழைக்காலத்தில் மட்டும் கழற்றி, எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் துரு தின்றுவிடும்.

அப்பா முழங்காலுக்கு யூக்கலிப்டஸ் தைலம் பாய்க்குத் தெரிந்தவர் கையில் அனுப்பியிருக்கிறேன். அதையும் பாய் கொடுத்தார் என்றே சொல்லுங்கள்.

தம்பி சந்தனராஜ்

---

ஆவூர்
30-3-1958

சேசு மரி சூசை துணை

பிரியமுள்ள தம்பிக்கு. எல்லோரும் சுகம். அமலாவுக்கு என் விசாரிப்பு.

எறும்பெல்லாம் காலி செய்துவிட்டது. மச்சான் பள்ளிக்கூடம் விட்டு வந்து செங்கல் அடுக்கி, முருங்கையைச் சுற்றிக்கொண்டு கிணற்றடிக்குத் திரும்பும்படி லைன் போட்டார். வாத்தியார் வேலை, எல்லாம் ஸ்கேல் வைத்து இறுக்கமாக, ஒரு மயிரிழை இடைவெளி இல்லாமல் ஆணி அடித்தார். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் மத்தியான வெயிலில் தண்டவாளம் பாம்பு மாதிரி நெளிந்து, ஆணியைப் பிடுங்கிக்கொண்டு எழும்பி நின்றது. மச்சான் அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

மறுநாள் நான் கோயிலுக்குப் போய்த் திரும்பினால் லைன் நேராகக் கிடக்கிறது. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு போஸ்ட் கார்டு கனத்துக்கு இடைவெளி. யார் செய்தது என்று நான் பார்க்கவில்லை, அதனால் எழுத மாட்டேன். ஆனால் என் மிஷின் டிராயரில் உன் கடிதக் கட்டின் மேலே இருந்த கவரின் ஓரம் துண்டாக வெட்டப்பட்டிருந்தது. இடைவெளிக்கு அளவு பார்த்த அந்தத் துண்டு கிணற்றடிச் சரளையில் கிடந்தது.

இன்னொன்று கேட்க வேண்டும். முருங்கை வளைவில் வண்டி சாய்கிறது. அங்கே வெளிப்பக்கத் தண்டவாளத்தை எவ்வளவு தூக்கி வைக்க வேண்டும்? துரை லைனில் எவ்வளவு வைத்தீர்கள்? நான்தான் கேட்கிறேன்.

அக்கா

---

தைப்பிங்
4-5-1958

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்கு. சுகம், சுகத்துக்கு எழுதவும்.

உங்கள் கடிதத்தை நாலு தரம் படித்தேன். பூசைக்கு உதவுகிற பிள்ளைகளுக்கு அங்கி தைக்கிற என் அக்காவுக்கு, வளைவில் வெளித் தண்டவாளம் உயர வேண்டும் என்று எப்போது தெரிந்தது? நான் ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள்தான் கேட்கிறீர்கள் என்றால் நீங்கள்தான்.

கேட்டவருக்கு என் பதில்: துரை லைனில் மூன்று பனையோலை கனம் வைத்தோம். வளைவு தொடங்கும் இடத்தில் ஒன்று, நடுவில் மூன்று, முடிவில் ஒன்று. தண்டவாளத்தைத் தாங்கும் கட்டைக்கு அடியில் ஓலையைச் செருகிச் சரளையை நெருக்கிவிட்டால் போதும். கேட்டவருக்கு வேறு அபிப்பிராயம் இருந்தால் எழுதச் சொல்லவும். மரியாதையோடு கேட்டுக்கொள்கிறேன்.

இதை எழுதும்போது மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன் என்று அமலா சொல்கிறாள். அவள் எதையாவது சொல்வாள்.

சந்தனராஜ்

---

ஆவூர்
17-8-1958

சேசு மரி சூசை துணை

பிரியமுள்ள தம்பிக்கு. பரலோக மாதா திருநாள் முந்தாநாள்தான் முடிந்தது. அதற்கு அங்கி தைத்தே இடுப்பு விட்டுப்போயிற்று, பதிலுக்குத் தாமதம். எல்லோரும் சுகம்.

உன் கடிதத்தை மச்சானுக்கு உரக்கப் படித்தேன். மச்சான் செவிடு இல்லை. பக்கத்து அறையில் அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மூன்று ஓலை என்று படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"மூணா? எவன் சொன்னது? அந்த வண்டி போற நடைக்கு மூணு வச்சா உள்பக்கமால்ல கவுந்துரும்."

மச்சான் விடவில்லை, மலாயாவில் வைத்த கணக்கு என்று மூன்றே வைத்தார். வண்டி மெதுவாக வளைவில் நுழைந்து, அலுங்காமல் உள்பக்கம் சாய்ந்து, கோழிக்குத் தண்ணீர் வைத்திருந்த சட்டியில் விழுந்தது. அப்பா எழுந்து வந்து, நடுவில் ஓர் ஓலையை உருவி எறிந்தார். இரண்டு ஓலையில் வண்டி ராஜா மாதிரி திரும்பியது.

"வேகத்தப் பாத்துல்ல சரிவு வைக்கணும். அவனுக்கு அது எப்பவுமே வராது" என்றார்.

அவனுக்கு என்றார், தம்பி. ஒன்பது வருஷம் கழித்து இந்த வீட்டில் உன்னைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை. வசவுதான். நான் அடுப்படிக்குப் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அன்றிலிருந்து காலை ஏழு மணிக்குப் பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தட்டானிடம் இரவல் வாங்கிய சின்னச் சுத்தியோடு லைன் பார்க்கக் கிளம்பிவிடுகிறார். கீரனூர் ரயில்வே கேங்கில் கீமேனாகத் தினமும் மூன்று மைல் லைனில் நடந்து ஒவ்வொரு மூட்டையும் தட்டிப் பார்த்தாரே, அதே நடை. இங்கே மொத்தமே நாற்பது அடி. அதற்கு முக்கால் மணி நேரம் ஆகிறது.

அக்கா

---

தைப்பிங்
12-10-1958

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்கு. நான் சுகம். அமலா சுகம், ஆனால் தலைசுற்றலும் வாந்தியும். மாதா தயவில் நீங்கள் அத்தையாகப் போகிறீர்கள்.

பிள்ளை வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து, நான் ஊரை விட்டு ஓடிவந்த அந்தக் காலை நேரம்தான் கண்ணுக்குள் நிற்கிறது. அப்போது அப்பா கேங்குக்கே மேஸ்திரியாக உயரப் போகிறார், அவர் இடத்தில் நான் கீமேன் என்று பேச்சு. பழகட்டும் என்று அவருடைய சுத்தியலையே என்னிடம் கொடுத்து லைனில் நடக்கவிட்டார்கள். பத்தாம் நாள் அதைக் கீரனூர் ஸ்டேஷன் பெஞ்சில் வைத்துவிட்டு கப்பல் பிடிக்க நாகப்பட்டினத்துக்கு வண்டி ஏறினேன். மத்தியானம் வரைக்கும் எங்கள் பீட்டான அந்த மூன்று மைலை யாரும் நடந்து பார்க்கவில்லை. வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஒன்றும் ஆகவில்லை, ஆனால் ஆகியிருக்கலாம். சொந்த மகனை நிறுத்தி வைக்கத் தெரியாதவர் பதினைந்து பேரை எப்படி மேய்ப்பார் என்று மேஸ்திரி வேலையைக் கேங்கிலிருந்த உடையப்பனுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று பிறகு நீங்கள் எழுதினீர்கள். அப்பா கீமேனாகவே ரிட்டயர் ஆனார்.

காரணம் கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை, அக்கா. அவர் கால் வைத்த கட்டையிலேயே நானும் கால் வைத்து நடந்து கிழவனாகிவிடுவேன் என்று பயந்தேன். கடல் தாண்டி வந்து இங்கே செய்கிறதும் அதே வேலைதான். சிரிக்கிறீர்களா, சிரியுங்கள்.

அடுத்த வருஷம் ஆறு வருஷமாக எடுக்காத லீவு சேர்ந்து வருகிறது. நான் ஊருக்கு வரலாமா? அவரிடம் நேராகக் கேட்க வேண்டாம். வழக்கம்போல மச்சானுக்கு உரக்கப் படியுங்கள்.

சந்தனராஜ்

---

தைப்பிங்
11-1-1959

சேசு மரி சூசை துணை

அக்கா, மூன்று மாதமாகப் பதில் இல்லை. கிறிஸ்துமஸுக்கும் ஒரு வரி வரவில்லை. வீட்டில் எல்லோரும் சுகம்தானே? வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றால் அதையாவது எழுதுங்கள். தபால்காரரைப் பார்த்தால் அமலா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

சந்தனராஜ்

---

ஆவூர்
8-3-1959

சேசு மரி சூசை துணை

என் தம்பிக்கு. எல்லோரும் உயிரோடு சுகமாக இருக்கிறோம். அமலாவை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள். எனக்கு எழுதக் கை வரவில்லை, மன்னித்துக்கொள்.

உன் கடிதத்தை ஒரு வரி விடாமல் உரக்கப் படித்தேன். அப்பா படுத்த நிலை மாறவில்லை. அப்போது ஐப்பசி மழை, தண்டவாளத்தையெல்லாம் அவரே கழற்றித் துடைத்து, தன் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். கிறிஸ்துமஸ் குடிலுக்குக் கேட்டேன், கொடுக்கவில்லை.

பொங்கல் கழிந்ததும் எடுத்து மறுபடி லைன் போட்டார். எல்லாத் துண்டையும் போட்டவர் முருங்கைக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஒரு துண்டை மட்டும் போடவில்லை. அந்த இடத்தின் இரண்டு பக்கமும் குச்சி நட்டு, அங்கி தைத்து மிஞ்சிய என் சிவப்புத் துணியைக் கிழித்துக் கொடி கட்டிவிட்டார். இரண்டு மாதமாக ரயில் ஓடவில்லை. காலை ஏழு மணிக்குப் போகிறார், தட்டிக்கொண்டே கொடி வரைக்கும் வருகிறார், நிற்கிறார், திரும்பிவிடுகிறார். அந்தத் துண்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறார்.

அவர் ஏதாவது சொல்வார் என்று பொங்கல் வரைக்கும் காத்திருந்தேன், பிறகு நீ வரக் கூடாது என்று சிவப்புக் கொடி காட்டிவிட்டார் என்று நினைத்து ஊமையாக இருந்தேன். நேற்றுத்தான் துணிந்து கேட்டேன், ஏன் அந்த இடத்தைப் போடவில்லை என்று. சுத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"என் பீட்டு இங்கிட்டு முடிஞ்சுது. அங்கிட்டு அவன் பீட்டு. அத நான் பாக்க மாட்டேன்."

கைகழுவிவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. உனக்கு எப்படி எழுதுவேன்?

உன் அக்கா

---

தைப்பிங்
23-3-1959

சேசு மரி சூசை துணை

அக்கா,

சுகம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை. டிக்கெட்டுக்குச் சொல்லிவிட்டேன். பிள்ளை பிறந்து நாற்பது நாள் ஆனதும் கப்பல் ஏறுகிறேன். அமலாவின் அம்மா இங்கே வந்து இருப்பார்கள்.

நீங்கள் அங்கி தைக்கிறவர், உங்கள் மேல் தப்பில்லை. சிவப்புக் கொடி வண்டிக்காரனை நிறுத்துவதற்கு. லைன்காரனுக்கு அது வேறு. தண்டவாளம் எடுத்த இடத்தில் கொடி நட்டால், அந்த வேலைக்குரிய ஆள் வந்து முடிக்கும் வரைக்கும் நட்டவர் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. அதுதான் எங்கள் சட்டம். அப்பா இரண்டு மாதமாகக் காவல் நின்றுகொண்டிருக்கிறார், அக்கா. அவன் பீட்டு என்று சொன்னாரே. பத்து வருஷமாகியும் அதை வேறு யாருக்கும் அவர் கொடுக்கவில்லை.

அந்த இடத்தில் கோழி கிளறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்தனராஜ்

---

ஆவூர்
2-8-1959

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அமலாவுக்கு, நீ இதுவரை பார்க்காத உன் நாத்தி வியாகுலமேரி எழுதுவது. நீயும் மருமகளும் சுகம்தானே? ரோசம்மாள் என்று என் அம்மா பெயரையே வைத்திருக்கிறாய். அவள் கையும் காலும் தாய் மாதிரியா, தகப்பன் மாதிரியா என்று எழுது. தகப்பன் காலாக இருந்தால் வீட்டுக் கதவைச் சாத்தியே வை.

உன் புருஷன் வியாழக்கிழமை காலை வந்து சேர்ந்தான். வந்ததும் எழுதச் சொன்னாயாம், அவனுக்குக் கை ஒழியவில்லை, நானே எழுதுகிறேன். திருச்சியிலிருந்து வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் பழைய மூன்று மைலையும் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தானாம்.

அப்பா விடியலிலிருந்தே காக்கிச் சட்டையில் கிணற்றடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இவன் வீட்டுக்குள் நுழையாமல் பக்கவாட்டில் கொல்லைக்கு வந்தான். இளைத்து, முன்மண்டை ஏறி, எனக்கே அடையாளம் தெரியவில்லை. நான் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளப் போனேன். மச்சான் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். அந்த மனுஷனுக்கும் சில நேரம் விவரம் இருக்கிறது.

அப்பா இவன் முகத்தைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த தண்டவாளத் துண்டையும் தட்டான் சுத்தியையும் நீட்டினார். இவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். குந்தி உட்கார்ந்து சரளையைக் கையால் சமப்படுத்தினான். துண்டைச் செருகினான். சட்டைப் பையிலிருந்து ஒரு போஸ்ட் கார்டை எடுத்து ஓரம் கிழித்து, மூட்டுக்கு மூட்டு வைத்துப் பார்த்து உருவினான். ஆணியைத் தட்டினான். அதோடு விடவில்லை. நாற்பது அடியையும் குனிந்தபடியே நடந்து, ஒவ்வொரு மூட்டையும் தட்டிக் காது கொடுத்தான். முருங்கை வளைவில் ஓலையை எண்ணிப் பார்த்துவிட்டு ஒரு தரம் தலையை ஆட்டிக்கொண்டான். கடைசியில் கொடி இரண்டையும் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு, அப்பாவுக்கு முன்னால் வந்து நேராக நின்றான்.

"லைன் எல்லாம் சரியா இருக்குங்க, மேஸ்திரி" என்றான்.

அமலா, அந்தப் பெயரால் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருக்க வேண்டிய நாளில் இவன் கப்பலில் இருந்தான். அப்பா காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பிறகு கைக்கடிகாரம் இல்லாத கையைத் திருப்பிப் பார்த்தார்.

"பத்து வருஷம் லேட்டு" என்றார். "கால் கழுவிட்டு உள்ள வா. ஒங்க அக்கா இட்லிய ஆற வச்சுருவா."

வண்டிக்கு நான்தான் சாவி கொடுத்தேன். அந்த இடத்தை வண்டி தாண்டும்போது இரண்டு பேரும் ஒரே மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு சத்தம் கேட்டார்கள். நான் பக்கத்தில் நின்று அழுததை இருவருமே கவனிக்கவில்லை.

இப்போது காலையில் லைன் பார்ப்பது உன் புருஷன்தான். அதனால்தான் கை ஒழியவில்லை. அப்பா ஏழு மணிக்கு எழுந்திருப்பதே கிடையாது. மேஸ்திரி ஏன் லைனில் நடக்க வேண்டும், கீமேன் வந்து சொல்லுவான், கேட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்கிறார். இவன் வந்து கட்டிலருகில் நின்று சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் காப்பி கேட்கிறார்.

லீவு முடிந்து இவனை அனுப்பும்போது என்ன செய்வார் என்று எனக்குக் கவலையாக இருந்தது. நேற்று அவரே என்னிடம் கேட்டார், ரோசம்மாளுக்கு நடை வர எத்தனை மாதம் ஆகும் என்று. அந்தச் சிவப்புத் துணி இரண்டையும் துவைத்து மடித்து, இவன் போனதும் மறுபடி நடுவதற்கு டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார்.

அன்புடன்,
உன் நாத்தி வியாகுலமேரி